பருத்தித்துறையிற் கேட்ட பாட்டு

யாழ்ப்பாணத்தின் இசை வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோயில் மேளத்தையும் கச்சேரி மேடையையும் விரிவாகவே கூறிச் சென்றனர். அளவெட்டி, இணுவில் முதலிய ஊர்களில் வாழ்ந்த நாகசுர, தவில் வித்துவான்களின் பரம்பரைகள் ஓரளவு பதிவு பெற்றுள்ளன. தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) போன்றோரின் புகழ் கடல் கடந்து தமிழகத்தையும் எட்டியது. ஆயின், வித்துவானும் அல்லாத, தம்மை இரசிகர் என்று கூறிக்கொள்ளவும் துணியாத சாதாரண குடும்பங்கள் எதைக் கேட்டன, எவ்வாறு கேட்டன, கேட்டவற்றுள் எதனை நினைவில் வைத்தன என்னும் வினாக்களுக்கு விடை தரும் எழுத்துகள் மிகச் சிலவே. சபையிலே பாடியவரைப் பற்றி எழுதுவது போலக் கேட்டவரைப் பற்றி எழுதுவது எளிதன்று. கேட்டவர் விட்டுச் செல்வது நினைவொன்றே. அந்நினைவும் வீட்டுப் பேச்சாகவே வழங்கும். வீட்டுப் பேச்சை வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளலாமா, கொள்ளின் எவ்வளவு கொள்ளலாம் என்பதை ஒரு வீட்டின் நினைவுகளை முன்வைத்து ஆராய்தல் பயனுடைத்து.

அவ்வீடு பருத்தித்துறைப் பட்டினத்தை அடுத்துள்ளது. அதன் தலைவர் 1938ஆம் ஆண்டிற் பிறந்தவர். அவருடைய பிள்ளைகள் சிறுவயது முதற் கேட்டுவந்த செய்தியொன்று உண்டு. "நான் கிட்டப்பா பாடக் கேட்டனான்" என்று அவர் பெருமையுடன் கூறுவார். எங்கே கேட்டீர்கள் என்று வினவினால், ஊர்க் கொட்டகையிலே, பெற்றோமாக்ஸ் விளக்கு வெளிச்சத்திலே என்பார். பாட்டின் மெட்டையும் மெல்ல முனகிக் காட்டுவார். இது பொய் சொல்லி அறியாத ஒருவரின் கூற்று. ஆயினும் எஸ். ஜி. கிட்டப்பா காலமானது 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள். தந்தையார் பிறப்பதற்கு ஐந்தாண்டு முன்னரே மறைந்துவிட்ட ஒருவரை அவர் கேட்டிருத்தல் இயலாது.

ஆண்டுக் கணக்கு இவ்வாறு குறுக்கே நிற்கும்போது, நினைவு பிழை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் இவ்விடத்திலே அப்பிழை எவ்வாறு உண்டாயிற்று என்று ஆராய்வதே அதிகம் கற்பிக்கின்றது.

செங்கோட்டை கங்காதரன் கிட்டப்பா 1906இற் பிறந்து இளமையிலேயே நாடக மேடை ஏறியவர். ஒலிபெருக்கி வழக்கிற்கு வராத காலம் அது. கொட்டகையின் கடைசியிலே மணலில் அமர்ந்திருப்பவனுக்கும் கேட்குமாறு உச்சத் தாயியிற் பாட வல்லவனே நடிகன் எனப்பட்டான். கிட்டப்பாவும் கொடுமுடியைச் சேர்ந்த கே. பி. சுந்தராம்பாளும் முதன்முதலிற் சேர்ந்து நடித்தது 1926ஆம் ஆண்டளவிலே, அதுவும் கொழும்பு மேடையிலே என்பது ஈண்டு நினைவு கூரத்தக்கது. அடுத்த ஆண்டு இருவரும் மணம் புரிந்தனர். இருபத்தேழு வயதிற் கிட்டப்பா மறைந்தபின், சுந்தராம்பாள் வெள்ளாடை பூண்டு ஆடவருடன் சேர்ந்து நடித்தலைத் தவிர்த்தார். 1935இல் வெளிவந்த 'நந்தனார்' படத்திலே நந்தனாராகத் தாமே வேடம் பூண்டு நடித்தார். அதற்கு ஊதியமாக ஓர் இலட்சம் ரூபா பெற்றார் என்பது அந்நாளிற் பெரும் பேச்சாயிற்று. இவ்விணையின் கதை இந்நாட்டு மேடையிலே தொடங்கியமையால், இலங்கைத் தமிழர் அதனைத் தம் அயல்வீட்டுக் கதை போலப் பேசிவந்தனர்.

தந்தையாரின் தகப்பனார் 1920களின் பிற்பகுதியிற் கொழும்பிலே ஒரு கடையிற் கணக்கெழுதியவர். அவர் அவ்விருவரையும் நேரிற் கண்டிருத்தல் கூடும். அவர் கண்டார் என்றே குடும்பத்தார் கூறுகின்றனர்; அதை மறுத்தற்கு ஏதுவில்லை. பாட்டனார் மாலை வேளைகளிலே திண்ணையில் இருந்து அந்நாடகங்களைக் காட்சி காட்சியாக எடுத்துரைப்பாராம். மகன் அப்போது ஏழெட்டு வயதுப் பாலகன். ஓயாது கேட்ட கதையைத் தான் கண்டதாகவே கொள்ளும் இயல்பு பிள்ளைகளுக்கு உண்டு. இஃது ஒரு விளக்கம். ஆயின் இது மெட்டை விளக்குமேயன்றிக் கொட்டகையையும் பெற்றோமாக்ஸ் விளக்கையும் விளக்காது. பாட்டனார் கண்டது கொழும்பு நகரின் மண்டபம். மகன் கூறுவது ஊர்க் கொட்டகை.

கொட்டகைக்கு விளக்கம் தேடின் வடமராட்சியின் நாடக வரலாற்றை நோக்குதல் வேண்டும். 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவெய்தியது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிற்று. தென்னிந்திய நாடகக் குழுவினர் உடுப்புப் பெட்டிகளோடும் ஹார்மோனியத்தோடும் இந்நாட்டிற்கு வந்துபோதல் இவற்றால் முன்னையினும் எளிதாயிற்று. பருத்தித்துறைக்குப் புகையிரதம் இல்லை. கொடிகாமத்தில் இறங்கி, பெட்டிகளை வண்டியில் ஏற்றி வரவேண்டும். வடமராட்சிக் கரையின் தோணிகளும் நாகபட்டினம், வேதாரணியம் முதலிய துறைகளோடு நெடுங்காலத் தொடர்புடையன. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளோஸ்டர் துறை வரை சென்று சேர்ந்ததென்றால், எதிர்க்கரையிலிருந்து ஒரு மெட்டு இக்கரைக்கு வந்து சேர்தல் வியப்பன்று.

வந்தவர் திரும்பிச் சென்றபின்னும் நாடகம் இங்கே தங்கியது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த முறையை ஒட்டிய இசை நாடகங்களை உள்ளூர்க் கலைஞர் கற்றுத் தமதாக்கிக்கொண்டனர். இதனை ஊரவர் கொட்டகைக் கூத்து என்றும் டிறாமா என்றும் வழங்கினர். கோயிற் திருவிழாவின்போதும், அறுவடைக்குப் பின்னரும், இரவு ஒன்பதுக்குத் தொடங்கி விடியும் வரை ஆட்டம் நிகழும். அரிச்சந்திரன், வள்ளி திருமணம், நந்தனார், சத்தியவான் சாவித்திரி என்பனவே பெரும்பாலும் ஆடப்பெற்றவை. இக்கலையின் முடிமணியாகத் திகழ்ந்தவர் காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989). அரிச்சந்திரனின் மயான காண்டத்தை அவர் பாடி நடிக்கக் கண்டோர் அதனை மறந்ததில்லை. சுடலையிலே காவல் நிற்கும் மன்னன் பாடத் தொடங்கியதும், ஆண்களும் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதனர் என்று முதியோர் இன்றும் கூறுவர்.

இவ்வளவு சிறந்த கலை எவரால் வளர்க்கப்பட்டதென்பதையும் கூறாமல் விடுதல் நேர்மையன்று. கொட்டகைக் கூத்தைப் பேணியோரிற் பலர், சாதியின் பெயரால் ஒதுக்கிவைக்கப்பட்ட குடிகளைச் சேர்ந்தோர். கற்றோர் சபைகளில் அவர்களுக்குக் 'கூத்தாடிகள்' என்பதற்கு மேலான பட்டம் கிடைத்திலது. இரவு முழுவதும் அரிச்சந்திரனாக நின்று ஊரையே அழவைத்தவன், காலையில் அதே ஊரின் தேநீர்க் கடையில் தனிப் பேணியிற் குடிக்க வேண்டியிருந்த காலம் அது. குடும்ப நினைவுகளிலே இச்செய்தி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. தந்தையாரின் நினைவிலும் பாடியவரின் ஊரோ பெயரோ இல்லை. 'கிட்டப்பா' என்னும் புகழ்பெற்ற பெயரே இருக்கின்றது. உள்ளூர்க் கலைஞன் ஒருவன் தன் தொண்டையால் உழைத்துத் தேடிய பெருமை, கடல் கடந்த வேறொருவரின் கணக்கிலே வரவு வைக்கப்பட்டதோ என்று ஐயுற இடமுண்டு.

அவ்வையத்தை முற்ற முடிபாகக் கொள்ளவும் முடியாது. ஏனெனின் அவ்வூரிலே கிட்டப்பாவின் குரல் உண்மையாகவே ஒலித்தது, ஒலித்தது இசைத்தட்டிலிருந்து.

தந்தையாரின் பெரியப்பா மலாயாப் புகையிரதப் பகுதியிற் கடமையாற்றிய பின், 1946ஆம் ஆண்டு ஊர் திரும்பியவர். மலாயாப் பென்சன்காரர் கட்டிய வீடுகள் யாழ்ப்பாணத்தில் எங்கும் உள. சுவர்மணிக்கூடும் சாய்மனைக் கதிரையும் கிறாமபோன் பெட்டியும் அவ்வீடுகளின் அடையாளங்கள். பெரியப்பாவின் பெட்டி கைப்பிடியைச் சுழற்றி முறுக்கேற்றும் வகையினது. மின்சாரம் இல்லாத வீட்டிற்கு அதுவே ஏற்றது. தட்டுகள் அரக்குக் கலந்து செய்யப்பட்டவை. நிமிடத்திற்கு 78 முறை சுழல்வன. கைதவறின் ஓடு போல நொறுங்குவன. பத்தங்குலத் தட்டொன்றின் ஒரு பக்கத்திலே மூன்று நிமிடத்திற்குச் சிறிது கூடுதலாகவே பாட்டு அடங்கும். எஃகு ஊசியை அடிக்கடி மாற்றுதல் வேண்டும். ஊசிப் பேணியைக் காத்தல் சிறுவனான தந்தையாரின் பணியாயிருந்தது. அப்பணிக்காக அவர் பெட்டியின் அருகே இருக்கும் உரிமை பெற்றார். மற்றைச் சிறுவர் முற்றத்தில் நின்றனர்.

இம்மூன்று நிமிடக் கணக்கு வரலாற்று மாணவனுக்குப் பெரிதும் உதவும் ஒன்று. மேடையிலே பாடும் நடிகன் ஒரு பாட்டை மூன்று நிமிடத்தில் முடிப்பதில்லை. ஆலாபனை செய்வான், அவையோர் மீண்டும் பாடுக என்று ஆரவாரித்தால் முதலிலிருந்து தொடங்குவான், எதிரே நிற்கும் நடிகையுடன் போட்டியாகச் சுரம் பாடுவான். தந்தையார் முனகிக் காட்டும் பாட்டோ சுருக்கமானது. தொடக்கம் உடனே வருகின்றது. முடிவு வெட்டினாற்போல நிற்கின்றது. எத்தனை முறை பாடிக் காட்டினும் அளவு மாறுவதில்லை. அது தட்டிலே அடைபட்ட பாட்டின் வடிவமாகும். தம்மை அறியாமலே அவர் தாம் கேட்ட கருவியின் அடையாளத்தைத் தம் தொண்டையிற் காத்துவந்துள்ளார்.

ஆகவே மூன்று நினைவுகள் ஒன்றாயின. கதை, பாட்டனார் திண்ணையிற் சொன்னது. குரல், பெரியப்பாவின் பெட்டியிற் கேட்டது. கொட்டகையும் விளக்கும், 1950களில் உள்ளூர்க் கலைஞர் ஆடிய இரவொன்றிற் கண்டவை. அந்நடிகனும் இசைத்தட்டைக் கேட்டே கிட்டப்பாவின் பாணியைப் பயின்றிருத்தல் கூடும்; அவ்வாறு பயின்றோர் அக்காலத்திற் பலர். தமிழகத்திலும் நிலைமை பெரிதும் வேறன்று. எம். கே. தியாகராஜ பாகவதர் நாடக மேடையிலிருந்து படத்திற்கு வந்தவர். அவரை அடியொற்றிப் பாடிக்கொண்டு 1950இல் 'கிருஷ்ண விஜயம்' படத்திற் பாட வந்தவர் டி. எம். சௌந்தரராஜன். ஒரு குரலின் நிழல் மற்றொரு குரலில் விழுந்துகொண்டே வந்த காலத்திலே, பருத்தித்துறைச் சிறுவன் ஒருவன் ஆளை மாறிக் கொண்டதிற் பெரிய குற்றமில்லை.

அவ்வீட்டிலே இரண்டாம் நினைவொன்றும் உண்டு. அது தந்தையாருக்கும் அவருடைய தங்கையாருக்கும் இடையே அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கு. தங்கையார் 1941இற் பிறந்தவர்; பிள்ளைகளுக்கு மாமி. 1955ஆம் ஆண்டளவிலே, அயல்வீட்டு றேடியோவில் மாலை வேளைகளிற் படப்பாட்டுகள் கேட்டதை இருவரும் நினைவில் வைத்துள்ளனர். அவை சென்னை நிலையத்திலிருந்து வந்தவை என்பது தமையனாரின் கட்சி. தமிழ்ப் படப்பாட்டு சென்னையிலிருந்து வராமல் வேறெங்கிருந்து வரும் என்று அவர் கேட்பார். கொழும்பிலிருந்தே வந்தன என்பது மாமியின் கட்சி.

இவ்வழக்கைத் தீர்த்தற்குப் பொதுப் பதிவுகள் போதியன. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950 செப்டெம்பர் 30இல் தொடங்கிற்று. போர்க்காலத்திலே தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளுக்காக ஏக்கலையில் நிறுவப்பெற்ற ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போரின் பின் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. அதன் துணையால் கொழும்பின் ஒலி இந்தியா முழுவதும் எட்டியது. 1952இல் இந்திய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகிய பி. வி. கேஸ்கர், படப்பாட்டு மக்களின் சுவையைக் கெடுக்கும் என்று கருதி, இந்திய வானொலியிலே அதற்கு இடமின்றிச் செய்தார். நேயர்கள் கொழும்பை நாடினர். இந்திய வானொலி தன் பிழையை உணர்ந்து 'விவித் பாரதி' ஒலிபரப்பைத் தொடங்கியது 1957 அக்டோபர் 3இல். ஆதலின் 1955இற் பருத்தித்துறையில் நாள்தோறும் கேட்ட படப்பாட்டு கொழும்பிலிருந்து வந்ததெனக் கொள்வதே பொருந்தும். தமிழகத்து மக்களும் தம் நாட்டுப் பாட்டைக் கேட்பதற்குக் கொழும்பையே திருப்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

மாமி இவ்வாண்டுகளில் எதனையும் அறியார். அவர் காட்டும் சான்று வேறு. பாட்டுக்கிடையே சவர்க்காரத்திற்கும் பற்பசைக்கும் விளம்பரம் சொல்லப்பட்டது என்பார், பிறந்தநாள் வாழ்த்துப் பெற்றோரின் ஊர்ப்பெயர்கள் வந்தன என்பார், எஸ். பி. மயில்வாகனனின் குரலைத் தாம் எங்கும் அடையாளம் காண்பேன் என்பார். இந்திய வானொலியிலே வணிக விளம்பரம் இடம்பெறத் தொடங்கியது 1967இலே தான். ஆகவே அவருடைய விளம்பரச் சான்று, அவர் அறியாமலே, ஆண்டுக் கணக்கோடு முற்றப் பொருந்துகின்றது. கொட்டகைக்கு ஒருநாளும் அனுப்பப்படாதவர் அவர். கிறாமபோன் பெட்டி இருந்த விறாந்தைக்கும் பெண்பிள்ளைகள் வருவதில்லை. அறையின் உள்ளிருந்தே கேட்டனர். வேலிக்கு அப்பாலுள்ள றேடியோ ஒன்றே அவருக்கு வாய்த்தது. கிணற்றடியிலும் அடுப்படியிலும் நின்று கேட்டவருக்கு, எதைக் கேட்டோம் என்பதில் மயக்கம் இல்லை.

அந்த றேடியோவைப் பற்றியும் சிறிது கூறுதல் தகும். அது மின்கலத்தால் இயங்கிய வால்வு றேடியோ. அதன் கம்பி வீட்டு முகட்டிலிருந்து பனையொன்றின் உச்சிவரை இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. அனுமதிப்பத்திரம் பெற்று ஆண்டுதோறும் கட்டணம் செலுத்துதல் வேண்டும். மின்கலம் தளர்ந்துவிடும் என்பதனால் வீட்டுக்காரர் செய்தியும் பாட்டும் கேட்டபின் உடனே நிறுத்திவிடுவார். பாட்டின் நடுவிலே நின்றுவிட்டால், மிகுதியை வேலிக்கு இப்பாலுள்ளோர் தாமே பாடி முடித்துக்கொள்வர். சிறிய திறான்சிஸ்ரர் றேடியோக்கள் பரவிய பின்னர் இந்நிலை மாறிற்று. பாட்டு வயலுக்கும் கடற்கரைக்கும் சென்றது.

கலியாண வீடுகளும் கோயில் வீதிகளும் ஒலிபெருக்கியைக் கொண்டுவந்தன. புரட்டாதியிலே வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தத்திற்குச் செல்வோர், மணலிலே நடக்கும்போதே தொலைவிற் பாட்டைக் கேட்டனர். கோயிலுக்குள் நுழைய அனுமதிக்கப்படாதோரும் வீதியில் நின்று அதே பாட்டைக் கேட்டனர் என்பது கருதத்தக்கது. காலையிற் பக்திப் பாட்டு, நண்பகலிற் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும், பொழுது சாய்ந்தபின் புதுப்படப் பாட்டு என்று ஒரு வரிசை இருந்ததாக மாமி கூறுகின்றார். ஒலிபெருக்கிக்காரன் எவ்வாறு இவ்வரிசையை வகுத்தான் என்பது சுவையான வினா. ஊரின் முதியோர் உறங்கச் செல்லும் நேரத்தை அவன் அறிந்திருந்தான் போலும்.

பெரியோர் இவற்றை ஏற்றனர் என்று எண்ணுதல் கூடாது. படப்பாட்டு ஒழுக்கத்தைக் கெடுக்கும், படிப்பைக் கெடுக்கும் என்பது சைவ ஆசிரியர் பலரின் உறுதியான கருத்து. கணக்குக் கொப்பியின் பின்பக்கங்களிலே பாட்டுகளை எழுதி வைத்திருந்தமைக்காகத் தந்தையார் பிரம்படி பெற்றார், கொப்பியும் பறிமுதலாயிற்று. படக்கொட்டகை வாயிலிற் சில சதத்திற்கு விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்களிலிருந்து அவர் படியெடுத்தவை அவை. டில்லியில் அமைச்சர் ஒருவர் ஆணையாற் செய்ய முயன்றதை, இங்கே ஆசிரியர் பிரம்பாற் செய்ய முயன்றார். இருவருமே வெற்றி பெற்றிலர். எனினும் அவ்வாசிரியர்களை இகழ்தல் தகாது. தேவாரப் பண்களை ஓதுவித்தவர்களும் அவர்களே. தந்தையார் படப்பாட்டின் இராகத்தை இனங்கண்டு கூறுவதற்கு வேண்டிய செவியை, அவரை அடித்த கையே கொடுத்தது.

இந்நினைவுகளைச் சரிபார்த்தற்கு உதவும் பொருள்கள் வேறிடங்களிற் போல இங்கே எஞ்சியில்லை. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியும் ஜூன் முதல் நாளும் சேர்ந்த இரவிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, 97,000 வரையான நூல்களும் ஏடுகளும் அழிந்தன. பழைய செய்தித்தாள்களிலே நாடக விளம்பரம் தேடுவோர்க்கு அவ்விழப்பின் அளவு தெரியும். 1987 மே 26இல் வடமராட்சியிலே படை நடவடிக்கை தொடங்கியபோது, இவ்வீட்டாரும் கையிற் கொண்டவற்றோடு வெளியேறினர். திரும்பியபோது பெரியப்பாவின் வீட்டிற்குக் கூரை இல்லை. கிறாமபோன் பெட்டியின் மரம் எரிந்து, வில்லும் இரும்பும் மட்டும் கிடந்தன. தட்டுகள் அரக்கினாலானவை, நெருப்பிலே எஞ்சா.

ஒரு தட்டின் பாதி மட்டும் தப்பியது. உடைந்த பின் எறியப்படாது, மாமியின் வீட்டிலே தையற் பெட்டிக்கு மூடியாக அது பல காலம் பயன்பட்டு வந்தது. பெட்டியோடு அதுவும் இடம்பெயர்ந்து, பெட்டியோடு திரும்பியது. அதன் நடுவிலுள்ள ஒட்டுத்தாளிற் பாட்டின் பெயர் உடைவோடு போய்விட்டது. பாடியவரின் பெயரில் எஸ். ஜி. என்னும் முதலெழுத்துகள் இரண்டும் இருக்கின்றன. அதனைக் கையிற் கொடுத்தபோது, தந்தையார் ஊசி செல்லும் வரிகளை விரல் நுனியாற் தடவிப் பார்த்து, "இதுதான்" என்றார். கொட்டகையைப் பற்றி அன்று அவர் ஒன்றும் கூறவில்லை.